வாடிக்கை தேடிப் போனவள்

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து கணவருக்குக் குரல் போனதும் அலுவலகமும் சேர்ந்து ஊமையாகிவிட்டது. ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் தீப்பாதுகாப்புத் திட்டம் போட்டுக் கொடுக்கும் சின்ன நிறுவனம். நாலு பேரிடம் பேசி வேலை பிடித்து வருவது அவர். வரைபடம் போடுவது அவள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. அவர் பேச ஆரம்பித்தால் சுவர்கூடத் தலையாட்டும் என்பார்கள். அவளோ வாசல் மணி அடித்தாலே மேசைக்கடியில் ஒளியலாமா என்று பார்க்கிற ரகம்.

கையிலிருந்த வேலைகள் முடிந்தன. புதிதாக ஒன்றும் வரவில்லை. பெரிய கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கும் நாத்தனார் வந்து நிலைமையைப் பார்த்தாள்.

"விளம்பரம்லாம் வேண்டாம் அண்ணி. இந்த மாதிரி வேலைக்குத் தெரிஞ்ச ஆளைத்தான் கூப்பிடுவாங்க. பழைய ஆளுங்களை நேர்ல போய்ப் பாருங்க."

"நானா? எனக்கு வாயே வராதே!"

"போய் உட்காருங்க, போதும். உங்க ஞாபகம் வந்தா சரி."

முதலில் யாரைப் பார்ப்பது? வருஷா வருஷம் கூப்பிட்டுக்கொண்டிருந்த அட்டைப்பெட்டி ஆலை முதலாளி ஏனோ திடீரென்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். தன் வரைபடத்தில் ஏதோ தப்பு என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு. அதனாலேயே அங்கே போகப் பயம். போகாமல் இருக்கவும் பயம்.

வரவேற்பறையில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தை மிச்சமில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்று பையை எடுத்தபோது முதலாளியே வந்து உள்ளே கூட்டிப்போனார்.

"சொல்லுங்கம்மா."

"சும்மா... எப்படி இருக்கீங்கன்னு..."

அதற்கு மேல் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். சரி, தொலைந்தோம் என்று நினைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல. போன மாசம் பின் கிடங்குல தீப்பிடிச்சுது. நாங்களே அணைச்சிட்டோம். அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அவர்தான் கொட்டினார். பின்கதவை மறித்து ஒரு மெஷின் போட்டிருக்கிறார். அது சரியா என்று கேட்க, தீப்பிடிப்பதற்கு வெகு முன்னால், மெஷின் போட்டபோதே அவள் கணவரைத் தேடி வந்திருக்கிறார்.

"அவர் பேசிக்கிட்டே இருந்தார். நடுவுல நுழைய இடமே கிடைக்கல. அப்படியே திரும்பி வந்துட்டேன். அப்புறம் கூப்பிட வெக்கமாப் போச்சு."

கிடங்குக்குப் போனார்கள். கூரை வரை அடுக்கிய அட்டை. கரி பிடித்த சுவர். மெஷினுக்குப் பின்னால் பாதி மறைந்த கதவு. இந்தப் பக்கம் பசை தடவிக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எதற்கோ சிரித்தாள். கதவுக்கும் அவர்களுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தவள், முதலாளி பக்கம் திரும்பினாள்.

"இவங்களை முதல்ல வெளியே அனுப்புங்க."

"ஆர்டர் நிக்குதேம்மா. ஞாயித்துக்கிழமை நகர்த்திடறேன்."

"எனக்கு இங்க நிக்கவே பயமா இருக்குங்க!"

சொல்லிக்கொண்டே அவள் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். உடனே திரும்பி மேஸ்திரியைக் கூப்பிட்டார். பெண்கள் பசைக் கையோடு முற்றத்துக்குப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் மெஷின் நகர்ந்து கதவு முழுதாகத் திறந்தது. ஆலை முழுவதற்கும் புதுத் திட்டம் போடச் சொன்னார். தம்பியின் கிடங்கையும் பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கைப்பேசியில் தட்டி நீட்டினார்: "ஏன் இத்தனை நாள் கூப்பிடலையாம்?"

அவள் செருப்பைக் கழற்றுவதில் கொஞ்ச நேரம் கடத்தினாள்.

"ஆளுக்கு மூச்சு விட நேரமில்லையாம். உங்களை ரொம்ப விசாரிச்சார்."

அவர் முகம் மலர்ந்தது. அவளுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு பழைய ஆளான மரக்கிடங்குக்காரரைப் பார்க்கக் கிளம்பியபோதும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒத்திகை பார்க்கவில்லை.