பேனையை நிறுத்தாமல் எழுதிய பத்து நிமிடம்

அன்பானவர்களே, என் அம்மா சாக வேண்டும் என்று நான் ஜெபித்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தச் சாட்சியைத் தொடங்க முடியாது.

பதினொரு வயதில் என்னைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியவள் அம்மா. அந்த வீட்டு எஜமானி, நோனா, ஒரு நாள் சூடான இஸ்திரிப்பெட்டியை என் கையில் வைத்தாள். மறு கிழமை அம்மா பார்க்க வந்தாள். காயத்தைப் பார்த்தும் என்னை விட்டுவிட்டுப் போனாள் என்றே முப்பது வருடம் நம்பினேன்.

போன வருடம் அம்மா படுத்த படுக்கையானாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில், நான்தான் குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆண்டவரே, அவளை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் இந்த ஞாபகத்தை எடுத்துப்போடும்" என்று அழுதேன். இரண்டும் நடக்கவில்லை.

நத்தார் பண்டிகைக்கு முந்தின மாதம், ஜெபக்கூட்டம் நடத்தும் செல்வி அக்கா எழுத ஒரு கொப்பியைத் தந்தார்.

"'அன்னைக்கு நான் சொல்லாதது'ன்னு ஆரம்பி. பத்து நிமிஷம் பேனைய நிறுத்தாத. கொழுந்து எடுக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து எடுக்காத புள்ள. முத்தலும் வரட்டும்."

முத்தல் இலையைப் பறித்ததற்காகத் தோட்டத்தில் காலமெல்லாம் திட்டு வாங்கியவள் நான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் ஜெபித்துவிட்டு எழுதினேன். நோனாவைத் திட்டினேன். அம்மாவைத் திட்டினேன். பிறகு கை தானாக எழுதியது: அம்மா வந்த அன்று நோனா கதவருகே நின்றாள், நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன், "நல்லா இருக்கேம்மா" என்றேன்.

அன்று அம்மா காயத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் அவளிடம் தழும்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ ஊருக்கு வந்த பொறகு இந்தத் தழும்பப் பார்த்தப்ப, நீ அடுப்புல சுட்டுக்கிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"அன்னைக்கே காட்டியிருந்தா என்னைக் கூட்டிட்டு வந்திருப்பியாம்மா?"

அம்மா கூரைத் தகரத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "இல்ல புள்ள. அழுதிருப்பேன். ஆனா விட்டுட்டுத்தான் வந்திருப்பேன். இங்க உன் தம்பிகளுக்குச் சோறில்ல."

கசப்பான பதில்தான். ஆனால் அவள் பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. நடக்காத ஒன்றுக்காக அவளை வெறுத்தது போதும். நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக மன்னிக்கிறேன். இப்போது கஞ்சி ஊட்டும்போது பேசுகிறோம், சில நாள் சண்டையும் போடுகிறோம். ஞாபகத்தை எடுத்துப்போடும் என்று கேட்டவளுக்கு அதை முழுதாகத் திருப்பித் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

வாய்விட்டு ஜெபிக்க முடியாதது உங்களிடமும் இருந்தால் எழுதிப் பாருங்கள். பதில் இனிப்பாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பதில் வரும்.