மூன்றாவது குரல்

பலெர்மோவில் கோடை விடுமுறை நீண்டது. வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லாததால், அம்மா தான் வேலை செய்யும் வீட்டுக்கே என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வியா மக்வேதா தெருவுக்குப் பின்புறம் ஒரு பழைய கட்டடம். வீட்டுக்காரி தனியாக இருந்தார். அம்மா இத்தாலியர் வழக்கப்படி மரியாதையாகச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் சிஞ்ஞோராதான்.

சிஞ்ஞோராவிடம் ஒரே குழுவின் இசைத்தட்டுகள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. அமெரிக்காவில் மூன்று கறுப்பினப் பெண்கள் பாடிய, சோல் என்ற வகைப் பாட்டுகள். பெரிய வெற்றி பெற்ற பாட்டு எதுவென்று அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அந்த இடத்தில் தட்டு தேய்ந்து கரகரக்கும். முதல் தட்டின் அட்டையில் மூவரும் ஒரே மாதிரிக் கொண்டையும் ஒரே மாதிரிச் சட்டையுமாக நிற்பார்கள். பிந்திய அட்டைகளில் ஒருத்தி முன்னுக்கு வந்துவிட, மற்ற இருவரும் பின்னால் சிறுத்துப் போயிருப்பார்கள்.

சிஞ்ஞோரா எனக்கு வரிகளின் பொருளை இத்தாலியனில் சொல்லித்தருவார். எல்லாம் விட்டுப்போன ஆணைப் பற்றிய அழுகை. பாட்டோ கைதட்டலும் துள்ளலுமாக இருந்தது. அழவேண்டியவர்கள் ஏன் ஆடுகிறார்கள் என்று அம்மாவைக் கேட்டேன்.

"அழுதுகொண்டு பாடினா தொண்டை அடைச்சுப்போடும் பிள்ளை" என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மாதா கோயில் பாடகர் குழுவில் தாழ்ந்த குரலுக்கு நிற்பவர். ஒருநாள் உடுப்புக்கு அயன் பிடித்துக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு அடியில் அந்தத் தாழ்ந்த குரலைச் சேர்த்து முணுமுணுத்தார். சிஞ்ஞோரா அடுக்களையிலிருந்து ஓடிவந்து அயன்பெட்டியை நிறுத்திவிட்டு, "இன்னொருமுறை பாடு" என்றார்.

சிஞ்ஞோராவும் இரண்டு சிநேகிதிகளும் இளம் வயதில் கலியாண வீடுகளில் இதே பாட்டுகளைப் பாடியவர்களாம். தாழ்ந்த குரல் பாடிய மூன்றாமவர் பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்தார். அவருக்கும் சிஞ்ஞோராவுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. காரணத்தை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சிஞ்ஞோராவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மூன்று பாட்டுப் பாடவேண்டும், மூன்றாவது குரல் அம்மாவுடையது என்று முடிவானது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "துடைக்கப் போற வீட்டிலை பாடவும் வேணுமோ?"

"கேட்டவ, பாடுறன். எனக்கும் விருப்பமாக் கிடக்கு" என்றார் அம்மா. தனக்கு ஒன்று விருப்பம் என்று அம்மா சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

விருந்து ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலோரத்து உணவகத்தில். சிஞ்ஞோராவிடம் கிடந்த அந்த மூன்றாமவரின் பழைய வெள்ளி மினுக்குச் சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்து அம்மா போட்டிருந்தார். மூவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, ஒரே நேரத்தில் திரும்பினார்கள். முதல் பாட்டில் அம்மா மற்றவர்களின் கால்களையே பார்த்தார். இரண்டாவதில் ஒருவரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். மேசைகளில் பேச்சு நின்றது. அப்பாகூட முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டார்.

மூன்றாவது, அந்தக் குழுவின் ஆகப்பெரிய வெற்றிப் பாட்டு. தொடங்கியதுதான் தாமதம், கறுப்புச் சட்டை போட்ட உயரமான ஒரு பெண் பூங்கொத்தோடு உள்ளே வந்தார். பகேரியாக்காரி. சிஞ்ஞோரா பாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். இருவரும் அழுதார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சிஞ்ஞோரா அவரைக் கையில் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்து, அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு இறங்கி, அடுக்களைக் கதவுக்குள் போனார்.

பாட்டு முடியும்போது அதே கதவால் தள்ளுவண்டியில் கேக் வந்தது. மினுக்குச் சட்டையோடு அம்மா அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து நான் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினேன். அப்பா தட்டவில்லை.

"வா, போவம்" என்றார் அம்மாவிடம்.

"கேக் வெட்டட்டும்."

"நீ பரிமாறவோ வந்தனீ?"

"மெதுவாக் கதையுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

அம்மா எல்லா மேசைக்கும் கேக் கொடுத்தார். சிஞ்ஞோரா அவரை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, நீ இல்லாவிட்டால் இன்று ஒன்றுமே நடந்திருக்காது என்றார். மனதாரத்தான் சொன்னார். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. பிறகு ஏன் அப்பாவின் முகம் அப்படி இருந்தது, ஏன் அம்மா சட்டையை மாற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் வெளியே வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன்: "கடைசிப் பாட்டு ஏன் பாடேல்லை?"

"அந்த அம்மா வந்திட்டாவெல்லோ. அது அவவின்ரை இடம்."

"அப்ப நாலு பேராய் நிண்டிருக்கலாமே?"

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். அதுவரை கோபமாக இருந்த அப்பா திடீரென்று சிரித்தார். சிரித்துவிட்டு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதுவும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனோம். சிஞ்ஞோரா நல்ல சந்தோசத்தில் இருந்தார். எனக்குப் பிஸ்கற் தந்துவிட்டு, அந்த ஆகப்பெரிய வெற்றிப் பாட்டைப் போட்டார். உடனே அம்மா தூசு உறிஞ்சும் மெசினை இழுத்து வந்து அந்த அறையிலேயே போட்டார். காலையில்தான் துடைத்த அறை. மெசின் கத்திய கத்தில் மூன்று குரலில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"அம்மா, பாட்டுப் போகுது!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. கம்பளத்தின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தார். மெசின் சத்தத்தில் அம்மாவுக்கு நான் சொன்னது கேட்கவில்லை என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.