வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்துக்கொண்டு, அதுவும் இங்கிலீஷ் படித்த கதையை எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோச்சடையில் ஆற்றை ஒட்டியிருக்கிற ஒரு சின்ன விடுதியில் வேலை பார்க்கிறேன். மாடி அறைகளில் விரிப்பு மாற்றுவதும் குளியலறை கழுவுவதும் என் வேலையாக இருந்தது. கொஞ்ச காலமாக என் முழங்காலுக்கும் படிக்கட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ஏறும்போது ஒரு வலி, இறங்கும்போது இன்னொரு வலி. கீழே வரவேற்பு மேசையில் இருந்த பெண் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் அந்த நாற்காலி மேல் எனக்கு ஆசை வந்தது. முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த மேசையைத் தேவைக்கு மேல் துடைத்தேன். அவர் புரிந்துகொண்டார்.

வெளிநாட்டு ஆட்கள் வந்து போகிற இடம், இங்கிலீஷ் வேண்டும் என்றார். மாதக் கடைசிக்குள் பேச வந்துவிட்டால் நாற்காலி எனக்கு. வராவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும், நான் பழையபடி மாடி ஏற வேண்டியதுதான்.

பக்கத்துத் தெருவில் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். விருந்தாளிகள் காலையில் சாப்பிட்டு முடித்ததும் அதே கூடத்தில் வகுப்பு நடக்கும். படிக்க உட்கார்ந்தது நானும், விடுதிக்குக் கார் ஓட்டுகிறவரும். அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் அண்ணன். யார் மூத்தவர் என்று நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை.

சுற்றுலாவுக்கு வேண்டிய சொற்களை டீச்சர் பலகையில் எழுதிப் போட்டார். லக்கேஜ், டிக்கெட், ரிசர்வேஷன், வெயிட்டிங் ரூம். எழுமலை பஸ்ஸில் வாழைத்தாரோடு ஏறினவர்களுக்கு லக்கேஜ் என்றால் என்னவென்று கண்டக்டரே கற்றுக் கொடுத்திருப்பார். இவ்வளவு காலம் இங்கிலீஷைத்தான் பேசிக்கொண்டிருந்தோமா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பயணத் திட்டத்துக்கு ஐட்டினரரி என்று ஒன்று வந்தபோதுதான் படிப்பது போல இருந்தது. எனக்கு அது நாக்கில் ஏறவில்லை. கார் அண்ணனுக்கு ஏறிவிட்டது, பிறகு இறங்கவே இல்லை. டீக்கடையிலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

சொற்களையெல்லாம் எப்படியோ பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். விருந்தாளிகள் வெளியே கிளம்பும்போது, இன்றைக்கு எங்கே போகிறீர்கள் என்று சிரித்த முகமாகக் கேட்க வேண்டும். அவர்கள் இடத்தைச் சொன்னால் நாம் கார் ஏற்பாடு செய்து கொடுக்கலாம். டீச்சரே கைப்பையை மாட்டிக்கொண்டு வெள்ளைக்கார அம்மா மாதிரி வாசலைப் பார்த்து நடந்தார். நான் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

செருப்பை மாட்டுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்துகொண்டே ஆக வேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று கேட்போம். இஷ்டமிருந்தால் அவர் சொல்வார், இல்லாவிட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு நடப்பார். டீச்சர் சகுனம் பார்க்கிறவர் இல்லை.

“ஏம்மா, வெள்ளைக்காரங்க இதெல்லாம் பாக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாதே” என்றார்.

“எனக்குத் தெரியுமே டீச்சர்” என்றேன்.

கார் அண்ணன் கவலை வேறு. “யக்கா, நீங்க கேக்கலைன்னா அவுக பாட்டுக்கு ஆட்டோவுல ஏறிப் போயிருவாக. என் வண்டி இங்கன வெயில் காயும்.”

மாதக் கடைசியில் ஒரு நாள் காலை என்னை மேசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பரவையில் ஒரு மாப்பிள்ளை வீடு பார்க்க அவரும் மனைவியும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

மாடியிலிருந்து வயதான வெள்ளைக்காரத் தம்பதி இறங்கி வந்தார்கள். குட் மார்னிங் சொன்னேன். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன். அதுவும் ஒழுங்காக வந்தது. அந்தப் பெரியவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். இனி அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

‘தூரமா?’ என்பதை இங்கிலீஷாக்கி, “ஃபார்?” என்றேன்.

பெரியவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பிறகு என்னிடம், “ஃபார்?” என்று திருப்பிக் கேட்டார். சொல்ல வருகிறார் என்று நினைத்துத் தலையை நன்றாக ஆட்டினேன். இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு திரும்ப மாடிக்குப் போனார்கள். குடை, தொப்பி, பெரிய தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றோடும் இறங்கி வந்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தார்கள். அவர்கள் கிளம்பியது தெருமுனையிலேயே தெரிகிற வைகைக் கரைக்கு.

முதலாளி பேப்பரை மடித்தார். “ஒரே ஒரு கேள்விம்மா. அதுக்கு இம்புட்டுப் பாடா? வேற ஆளத்தான் பாக்கணும் போல” என்றார். என் முழங்காலுக்கும் கேட்டிருக்கும்.

அவர் மனைவி பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்தார். முதலாளி வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டினார். வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்த கார் அண்ணன், இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று எனக்குக் காட்டுவதற்காகக் குரலை உயர்த்தினார்.

“சார், வேர் ஆர் யூ கோயிங் டுடே?”

முதலாளி அப்படியே நின்றார். அவர் மனைவி கார் அண்ணனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தமிழும் போதாது. முதலாளி செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் தண்ணி குடும்மா” என்று முதலாளி என்னிடம் கேட்டார். கொடுத்தேன். டீச்சர் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரை என்னிடம் நீட்டியபடி முதலாளி சொன்னார்: “நாளையிலருந்து அவங்க உக்காந்து சாப்புடும்போதே போய்க் கேட்டு வச்சுக்க. வாசல்ல வச்சு யாரும் யாரையும் கேக்க வேணாம்.”

நாற்காலி எனக்குத்தான் என்பது அதில் இருக்கிறது என்று டீச்சர் பிறகு சொல்லித்தான் புரிந்துகொண்டேன். முதலாளி இரண்டாவது முறை எழுந்து கிளம்பியபோது நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கார் அண்ணன் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அந்தத் தம்பதி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். அழகர்கோவில் என்றார்கள். காருக்குச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.