இரண்டுக்கும் இலக்கம் இரண்டு

டென்மார்க்கில், கோல்டிங் நகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி நிக்கலஸ் இருந்தான். மன்னார்க்காரன். இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை. ஞாயிறு பூசை முடிந்ததும் என் மனைவி யசிந்தா அவனைச் சாப்பிடக் கூப்பிடுவாள். பிறகு வாறன் என்பான். 1988ஆம் ஆண்டு முழுக்க அந்தப் 'பிறகு' வரவேயில்லை. வீட்டில் ஒரு பழைய கணினியை வாங்கி வைத்திருந்தான். அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று நான் திட்டாத நாளில்லை.

என் திட்டுக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. ஊரிலிருந்து மனைவியை இங்கே கூப்பிட நானும் அவனும் மூன்று மாத இடைவெளியில்தான் விண்ணப்பித்தோம். யசிந்தா வந்துவிட்டாள். அவனுடைய செலீனா வரவில்லை. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வரும். அவன் படிவத்தை மூன்று தரம் திருத்தி அனுப்பினான். ஊரில் செலீனாவுக்கோ வேறு சந்தேகம். மற்றவர்களின் பெண்சாதிமார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நீங்கள் மனம் வைத்து எழுதவில்லைப் போல என்று ஒரு கடிதம் போட்டாள். அதோடு கடிதம் நின்றது. நானும் சும்மா இருக்காமல், படிவத்தை வடிவா, பிழையில்லாமல் நிரப்பினனீரோ என்று அவனிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, பூசைக்கும் அவன் வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியோடு நானே போனேன். கணினி வயிறு திறந்து மேசையில் கிடந்தது. பக்கத்தில் கோப்புகளைச் சேமிக்கும் பழைய டிஸ்க் ஒன்று. அதை இரண்டாவதாகப் பூட்ட மூன்று வாரமாகப் போராடுகிறானாம். பூட்டினால் இரண்டாவது பேசாது, நன்றாக ஓடிய முதலாவதும் வாயை மூடிக்கொள்ளும். முதலாவது டிஸ்க்கில் பாதிகூட நிரம்பவில்லை. பிறகென்ன கோதாரிக்கு இரண்டாவது என்று கேட்டேன்.

கணினியை இயக்கும் மென்பொருள் யுனிக்ஸ் மாதிரி ஒன்று, பெயர் மினிக்ஸ். ஒரே கணினியைப் பலர் தங்கள் தங்கள் பெயரால் திறக்கலாம், ஆளுக்கு ஒரு இடம் உண்டு என்று விளக்கினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இது செலீனாவுக்கு, அண்ணை. வந்தால் அவளுக்கெண்டு ஒரு இடம் இருக்கவேணும்" என்றான்.

நான் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

டிஸ்க்கோடு வந்த டேனிஷ் தாளை வாசித்தேன். இரண்டு டிஸ்க்குக்கும் இலக்கம் இரண்டு வைக்கவும் என்று தெளிவாக இருந்தது. அவன் அதை அச்சுப் பிழை என்று ஒதுக்கியிருந்தான். முதலாவதுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு என்று தானே திருத்தி வைத்திருந்தான். அவன் அப்படி நினைத்ததில் அதிசயமில்லை. இந்த நாட்டில் இறங்கியதும் எங்களுக்குத் தந்தது ஆளுக்கொரு இலக்கம். அகதி முகாமில் இவனுடைய கோப்பு இன்னொரு நிக்கலஸின் கோப்போடு மாறிப்போய், தான் யார் என்று நிரூபிக்க நாலு மாதம் பிடித்தது. ஒரே இலக்கத்தில் இரண்டு பேர் என்றால் அவனுக்கு அது பிழைதான்.

எழுதினபடி ஒருக்கால் செய்து பாரும் என்றேன். இலக்கத்தைக் குறிக்கும் குட்டி பிளாஸ்டிக் துண்டை முதலாவது டிஸ்க்கில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினான். மின்சாரம் கொடுத்தான். இரண்டும் ஓடின. பிறகுதான் இரண்டையும் இணைக்கும் கேபிளைத் தூக்கிப் பார்த்தோம். முதலாவது டிஸ்க்குக்குப் போகும் முனையில் சில கம்பிகள் முறுக்கப்பட்டிருந்தன. எது முதல், எது இரண்டு என்று பிரிப்பது அந்த முறுக்குத்தான். இவன் தன் பங்குக்கு இன்னொரு தரம் பிரிக்கப் போய், இரண்டையும் ஒரே அழைப்புக்குப் பதில் சொல்ல வைத்திருக்கிறான்.

செலீனாவின் பெயரைப் பதிந்தான். கடவுச்சொல்லை வெறுமையாக விட்டான். அதை அவள்தான் வைக்கவேண்டுமாம். பிறகு, இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கணினியைக் கேட்டான். ஒரு வரி வந்தது. அவன் பெயர் மட்டும். நான் சாப்பாட்டைச் சூடாக்கப் போனேன்.

அடுத்த மார்ச்சில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்திலேயே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருக்கிறார்கள். வேலை இடைவேளையில் நிக்கலஸுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"அப்ப நான் சரியாத்தான் எழுதியிருக்கிறன்" என்றான். "இவ்வளவு நாளும் அதிலை என்ன பிழை விட்டனான் எண்டு தேடிக்கொண்டிருந்தனான், அண்ணை."

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். அவன் அதை என் பக்கமே தள்ளினான்.

"செலீனாவுக்கு நீங்கள் ஒரு கடிதம் போடுங்கோ. நான் எழுதினால் நம்பமாட்டாள்."