லாரியில் ஏறிய தேக்கு உத்திரங்கள்

சில வருடங்களுக்கு முன்பு, புதுச்சேரியில் எங்கள் சபையின் பழைய ஆலயத்தை இடித்துக்கொண்டிருந்த நேரம். கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன அப்பாவை, மூலக்குளத்தில் இருக்கும் வீட்டுக்கு ஆட்டோவில் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"வீட்டுக்கு அப்புறம் போலாம். டவுன் பக்கம் திருப்பச் சொல்லு. கோயில ஒரு வாட்டி பாத்துடறேன்" என்றார்.

பெரிய கத்தோலிக்கக் கோயில்கள் நிறைந்த ஊரில் எங்களுடையது சின்ன புராட்டஸ்டன்ட் ஆலயம். கனத்த சுண்ணாம்புச் சுவர், உயரமான ஜன்னல்கள், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். ஆனால் மழைக்கு ஒழுகும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பாதிப் பேர் வெளியே பந்தலில்தான் நிற்பார்கள். பழுது பார்த்தால் போதும் என்று சிலர் சொன்னபோது, சபைக் கமிட்டியில் மூத்தவரான அப்பாதான் எழுந்து, உத்திரமெல்லாம் செல்லரித்துவிட்டது, இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்று பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். இடிக்க ஆரம்பித்த வாரம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது.

நாங்கள் போனபோது கூரையே இல்லை. உத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவற்றை வாங்கியிருந்த மர வியாபாரி பாய், எங்களைப் பார்த்ததும் ஓர் உத்திரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ஒரு எடத்துல செல்லு இல்ல சார். சுவத்துக்குள்ள இருந்த முனைகூட கெடல. இத யாரு சார் இடிக்கச் சொன்னது?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான்."

பாய் கையை எடுத்துவிட்டார். ஆட்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, நிழலில் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தார்.

"தெரியாம கேட்டுட்டேன் அய்யா. நல்லதுக்குன்னுதான் செஞ்சிருப்பீங்க."

அப்பா லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உத்திர முனையைப் பார்த்தபடியே இருந்தார். அந்தக் கூரைக்குக் கீழேதான் அவருடைய ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் நடந்தன.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார். "யாராவது ஒருத்தர் ஏணி வச்சி ஏறிப் பாத்திருக்கலாம்பா."

  புது ஆலயம் எழும்புவதற்குள் அப்பா போய்விட்டார்.

புது ஆலயம் விசாலமாக, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாலு பேர் கூடி எதையாவது பழசு, வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம், "யாராவது கிட்டப் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். அப்பா எழுந்து பேசிய அன்று அப்படிக் கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றாமல் போனதே என்பதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.