லாஞ்சியில் வைத்த கால்

போன வாரம் எங்கள் அடுப்படிச் சுவரில் ஈரம் படர்ந்தது. முதல் நாள் உள்ளங்கை அகலம், மறுநாள் முறம் அகலம். "மழை ஈரம்மா, தானா காஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு மகன் வேலைக்குப் போய்விட்டான். எனக்கு ஆறவில்லை. சுவர் ஊறி, செங்கல் சரிந்து, மருமகள் சோறு வடிக்கிற நேரமாகப் பார்த்து இடிந்து விழுகிற வரைக்கும் மனசுக்குள் நடத்தி முடித்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் படுத்ததில்லை. குழாய்க்காரத் தம்பிக்கு நானே ஆள் விட்டேன்.

அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "எங்க ஒழுகுதுன்னு தெரியலீங்களே அம்மா. ஒடச்சுத்தான் பாக்கணும்."

"எங்க ஒழுகுதுங்கிறத அப்புறம் பாக்கலாம். எப்ப ஒழுகுதுன்னு மொதல்ல பாருங்க தம்பி."

வயசானவள் ஏதோ உளறுகிறாள் என்ற பார்வைதான். இருந்தாலும் பார்த்தார். மாடித் தொட்டிக்கு மோட்டார் போடும்போது மட்டும் ஈரம் கூடியது. ஏற்றுக் குழாயில் ஒரு மூட்டு விட்டிருந்தது. கழற்றி, சணல் நாரைச் சுற்றி, வெள்ளைப் பசையை அப்பினார். அந்தப் பசையின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் நான் அடுப்படியில் இல்லை. அரசலாற்று முகத்துவாரத்தில், புடவை நனைய, பத்தொன்பது வயசுக்காரியாக நின்றுகொண்டிருந்தேன்.

கொடி மாறிய பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்கள். மேசை, நாற்காலி, கண்ணாடி பீரோ. அவற்றோடு, துரைமார்களைக் கப்பலுக்கும் கரைக்கும் ஏற்றி இறக்கிய பழைய மோட்டார் லாஞ்சி ஒன்றும் வந்தது. என் மாமனார் கட்டுமரக்காரர். மாமியாரின் நகையை வைத்து அந்த லாஞ்சியை எடுத்துவிட்டார். காரைக்கால்மேட்டில் எங்கள் தெருவில் அதுவரை மோட்டார் வைத்த படகு கிடையாது. கல்யாணப் பெண்ணைப் பார்க்க வருகிற மாதிரி சனம் வந்து பார்த்தது. என்னைப் பார்க்கக்கூட அவ்வளவு பேர் வரவில்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

சாம்பல் நிறச் சாயம், பூச்சுக்கு மேல் பூச்சாக, ரொட்டித் தடிமனுக்கு ஏறியிருந்தது. பின்பக்கம் துரைமார் உட்கார மெத்தை வைத்த பலகை. முன்னால் ஒரு வெண்கல மணி. அதை மாமியார் ஆள் விட்டுக் கழற்றி வாங்கிப் போய்ப் பூசையறையில் மாட்டினார். பக்கவாட்டில் பிரெஞ்சு எழுத்தில் ஏதோ பேர் இருந்தது. நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதிலும் முக்கால்வாசி நாள் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்று படித்தவள். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை. தமிழே பின்னால் வாரப் பத்திரிகை படித்துப் படித்து வந்ததுதான்.

இஞ்சினை ஓட்டத் தெரிந்தவர் எங்களில் இல்லை. கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவரை மாமனார் டவுனிலிருந்து கூட்டிவந்தார். முஸ்லிம் வீட்டு அண்ணன்மாரை அழைக்கிற முறையில், நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் படகில் கால் வைக்கக்கூடாது. மீன் கூடை சுமக்கலாம். வெயிலில் கருவாடு காய வைக்கலாம். படகு வாங்கக் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுக்கலாம். கால் மட்டும் வைக்கக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நெருப்பைத் தொடக்கூடாது என்பதைப் போலத் தெரிந்தே வளர்ந்தேன்.

லாஞ்சி வந்த புதிதில், அதைக் கட்டிய கயிறு என் உயிரை எடுத்தது. யார் கட்டினார்கள், எத்தனை சுற்று, முளைக்குச்சி தாங்குமா? தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் தினமும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் மத்தியானம் பார்த்தால் முளைக்குச்சியைக் காணோம். நீர் வற்றுகிற நேரம். லாஞ்சி கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. கத்தினேன். வலை சீர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தூரத்தில் இருந்தார்கள். நீந்தி, விளிம்பைப் பிடித்து ஏறி, நங்கூரத்தைத் தூக்கித் தண்ணீரில் போட்டேன். ஆட்கள் ஓடி வந்தபோது லாஞ்சி நின்றுவிட்டது. அது தப்பித்ததை யாரும் பார்க்கவில்லை. அதன் மேல் நான் நின்றதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்து கடலுக்குப் போன அன்றே உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். இறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். கரையில் ஏற்றி, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசினார்கள். ஆற்றில் இறக்கி இரவெல்லாம் கட்டிப் போட்டார்கள். ஒரு சொட்டு இல்லை. கடலுக்குப் போனார்கள், மறுபடியும் கணுக்கால். திரும்ப ஏற்றினார்கள், திரும்பப் பூசினார்கள். கட்டிக் கிடந்தால் வறட்சி, ஓடினால் வெள்ளம்.

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "பலகையில குத்தம் இல்ல. காலு பட்ட குத்தம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் ஓட்டையைத் தேடவில்லை. காரணம் கிடைத்துவிட்டதே, ஓட்டை எதற்கு? "கிளிஞ்சமேட்டுக் காலு, சும்மா விடுமா?" என்று மாமியார் மீன் அலசும்போதெல்லாம் சட்டியிடம் சொன்னார். பொங்கலுக்குள் தண்ணீர் நிற்காவிட்டால் என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு லாஞ்சிக்குச் சாந்தி செய்வது என்று முடிவானது. கொண்டுபோய் விடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அப்படித் திரும்பி வந்த ஒருத்தி, தலை நரைக்கிற வரைக்கும் கூப்பிட ஆள் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் நல்லவர். அப்பாவுக்கு எதிரே வாய் திறக்காத நல்லவர். அவர் கடலுக்குப் போன பொழுதெல்லாம் நான் கரையில் நின்று இஞ்சின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். லாஞ்சி முழுகினால் போவது அவர். முழுகாவிட்டால் போவது நான்.

நானாவிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். "உங்களுக்கும் இது காலு குத்தந்தானா நானா?"

பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "எங்கூட்டுப் பொம்பளைங்க கப்பல் ஏறித்தாம்மா சைகோன் போனாங்க. சட்டி, பானை, அம்மிக்கல்லு சகிதமா. கப்பல் போய்ச் சேந்துச்சு."

அந்த அம்மிக்கல் எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. ஆனால் மாமனாரிடம் போய் அம்மிக்கல்லைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?

மார்கழி. சாயங்காலம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். தண்ணீர் இறைத்து இறைத்துக் கால் விறைத்திருக்கும், சன்னி கண்டுவிடும் என்று பயந்து, ஊற்றுவதற்கு வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தேன்.

"இது எதுக்கு? படகுக்குள்ள தண்ணி வெதுவெதுன்னு சொகமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமானார்.

அவர் சாப்பிட்டு முடித்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மார்கழிக் கடல் எப்படி வெதுவெதுப்பாக இருக்கும்? அடுப்பில் ஏறாத தண்ணீர் சுடுமா? விடிந்ததும் நானாவிடம் ஓடினேன்.

"இஞ்சின் சூடு ஆற வேணாமா தங்கச்சி? அதுக்காகக் கடல் தண்ணிய உள்ள இழுக்கும். இஞ்சினைச் சுத்திட்டு, பின்னால ஒரு கொழா வழியா வெளிய துப்பிரும்."

"துப்புறது எல்லாம் வெளியதான் போவுதா?"

நானா பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றார். "பலகைய அவங்க பாத்தாங்க. இஞ்சின நான் பாத்தேன். கொழாவ..." என்று இழுத்தார்.

அவர் மாமனாரிடம் போய்ச் சொன்னார். கட்டிப் போட்டுவிட்டு இஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். "கரையில நிறுத்தி வச்சு எண்ணெய எரிக்கவா?" என்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

மறுநாள் காலை, மீன் ஏலம் முடிந்து சனம் கலையாத நேரம். கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் போட வேண்டியதை ஆற்றுக்குக் கொண்டுபோகிறாளே என்று மாமியார் கூவினார். நான் நடந்த வேகத்தில் வழியெல்லாம் மாவு சிந்திக் கோடு போட்டுக்கொண்டே வந்தது. தண்ணீரில் இறங்கி, லாஞ்சியில் ஏறினேன். கரையில் நின்ற சனம் தண்ணீர் விளிம்புக்கு நெருங்கி வந்தது.

"ஏ புள்ள! எறங்கு!" மாமனாரின் குரல்.

"ஒரு தரம் மிதிச்சதுக்கு ஓட்ட விழுந்துருச்சுன்னீங்க மாமா. ரெண்டாந் தரம் மிதிச்சா அடைஞ்சாலும் அடையும்."

இதை நான்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். குரல் மட்டும் என்னுடையதுதான். நானா பின்னாலேயே ஏறிவிட்டார். இஞ்சினைக் கிளப்ப இன்னொரு ஆள் வேண்டும், கைப்பிடியைச் சுற்ற. என் வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஆயுசில் அவர் செய்த ஒரே கலகம் அது.

ஒழுகுவது இஞ்சினடியில் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைச் சுற்றித்தான் மாவை வாரித் தூவினேன். ஈரம் பட்டால் வெள்ளை கறுக்கும் என்று கணக்கு. இஞ்சின் கிளம்பியதும் அது ஆடிய ஆட்டத்தில் மாவெல்லாம் மேலே பறந்தது. நானாவின் தாடி வெளுத்தது. எனக்குத் தும்மல் மேல் தும்மல். "என்னா, மாவு மில்லு போட்டுருக்கியளா?" என்று கரையில் ஒருவர் கேட்க, சிரிப்புக் கிளம்பியது. இஞ்சினடியில் ஒரு துளி ஈரம் இல்லை. போச்சு, என் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"ஏ, இங்க பாரு" என்றார் வீட்டுக்காரர்.

பறந்த மாவு பின்பக்கத் தரையிலும் படிந்திருந்தது. துரைமார் உட்காரும் பலகைக்கு அடியிலிருந்து, மண்புழு ஊர்கிற மாதிரி, ஒரு கறுப்புக் கோடு வந்துகொண்டிருந்தது. பக்கப் பலகையைப் பெயர்த்தோம். உள்ளே, தண்ணீரை வெளியே துப்புகிற இரும்புக் குழாய். அதன் இடுப்பில் துணிக்கட்டு. கட்டுக்கு அடியில் இரும்பு இற்றுப்போய், இஞ்சின் மூச்சு விடும்போதெல்லாம் பீய்ச்சி அடித்தது. இஞ்சினை நிறுத்தினால் அதுவும் நின்றது. அந்தக் கட்டின் மேல் சாம்பல் நிறச் சாயம், பூச்சுக்கு மேல் பூச்சாக இருந்தது. துரைமார் காலத்திலேயே ஒழுகியிருக்கிறது. எவனோ துணியைச் சுற்றிச் சாயத்தைப் பூசி மறைத்திருக்கிறான்.

துணியை வெட்டி எடுத்து, மாமனார் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன். "இது எந்தப் பொம்பள காலு மாமா?"

அவர் வாங்கிப் பார்த்தார். சாயத்தை நகத்தால் சுரண்டினார். தோற்றுவிட்டார் என்று நான் நினைத்த நேரத்தில் நிமிர்ந்தார். "கட்டு பழசுதான். இத்தன நாளு தாங்குன கட்டு இப்ப ஏன் வுட்டுச்சு?"

நானா தலையில் அடித்துக்கொண்டு, இற்ற துண்டை அறுத்து வேறு குழாய் மாட்டி, மூட்டில் சணல் நாரைச் சுற்றி, வெள்ளைப் பசையை அப்பினார். லாஞ்சி கடலுக்குப் போய், உள்ளே உலர்ந்தபடி திரும்பி வந்தது. என்னைக் கிளிஞ்சல்மேட்டுக்கு அனுப்புகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. நான் சொன்னது சரி என்கிற பேச்சும் எழவில்லை.

எழவில்லையா, இருக்கட்டும். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் லாஞ்சியில் ஏறினேன். குழாயைப் பார்க்கணும் என்பேன். பார்க்கவும் செய்வேன், எனக்குத்தான் ஒரு தரம் பார்த்தால் போதாதே. மாமனார் அந்த நேரத்தில் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார். மீன்பாடு கெட்ட அன்றைக்கு என் கால், மீன்பாடு கண்ட அன்றைக்கு அம்மன் அருள் என்று கணக்கு ஓடியது. அந்தக் கணக்கோடேயே நான் ஏறினேன், வயிற்றில் பிள்ளையோடுகூட ஏறினேன்.

இப்போது லாஞ்சி இல்லை. பலகை விறகாகிவிட்டது, இஞ்சினை வரிச்சிக்குடி மிராசு ஒருவர் வாங்கி வயலுக்குத் தண்ணீர் இறைத்தார், அதுவும் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. வெண்கல மணி, கடல் ஊருக்குள் வந்த அன்று பூசையறையோடு போயிற்று. நானா இல்லை. மாமனார் இல்லை. ஒரு தரம் வேட்டியை மடித்துக் கட்டியவரும் இல்லை. முளைக்குச்சி அடித்திருந்த கரையையே ஆறு தின்றுவிட்டது.

போன மாசம் கடற்கரைக்குப் போயிருந்தேன். மணலில் ஒரு பைபர் படகு, புத்தம் புதுசு, நீலச் சாயம் பளபளத்தது. நிழலுக்காக அதன் பக்கம் ஒதுங்கினேன். வலை மடித்துக்கொண்டிருந்த வாலிபர் மரியாதையாகத்தான் சொன்னார். "ஆயா, படகுல காலு கீலு வச்சுராதீங்க."

அத்தனையும் போயிருக்கிறது. இது ஒன்று மட்டும் போகவில்லை.

"உள்ள தண்ணி வருதா தம்பி?" என்று கேட்டேன்.

"புதுப் படகு ஆயா. ஏன் வரப்போவுது?"

"வந்தா, எப்ப வருதுன்னு பாத்துட்டு என்னைய வந்து கூப்புடு" என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, வலது காலை உள்ளே வைத்தேன்.