பாயின் லில்லித் தொட்டிகள்

அறுபதுகளில், ஏரிப் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஓவர்சியராகச் செஞ்சிக்குப் போய், பயணியர் விடுதியில் அரை வருஷம் தங்கினேன். விடுதிக் காவல்காரரை எல்லோரும் பாய் என்பார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை, மருதாணி ஏறிய தாடி. வராந்தாவில் எட்டுத் தொட்டிகளில் வெறும் மண்ணை வைத்திருந்தார். தினமும் காலையில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று திருப்தியாகத் தலையாட்டுவார்.

தை மாதம் மகளைப் பார்க்க அவலூர்பேட்டை போனவர் ஒரு வாரம் வரவில்லை. பாவமென்று நான் தினமும் என் குளியல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். உயரத்து மாடத்தில் கைக்கு எட்டாமல் இருந்த ஒன்று மட்டும் தப்பியது.

திரும்பி வந்தவர் மண்ணைக் கிளறி, அழுகிய கிழங்கு ஒன்றை வெளியே எடுத்தார்.

“இன்னா சார், தண்ணி ஊத்துனீங்களா?”

“செத்துப்போச்சோன்னு நெனச்சேன், பாய்.”

“சாவல சார். பனிக்காலம் பூரா காஞ்ச மண்ணுல தூங்கிக்கினு இருக்கும். இப்பதான் செத்துப்போச்சு.”

சித்திரையில் அவரே தண்ணீர் காட்ட, மிஞ்சிய தொட்டியில் பந்துபோலச் சிவப்பாக ஒரு லில்லி பூத்தது. அதைக் கொண்டுவந்து என் அறை வாசலில் வைத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், உள்ளே நுழைந்து என் குளியல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாற்றல் வரும்வரை கிணற்றடியில்தான் குளித்தேன். அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.